கிரிமினாலஜி இளநிலை படிக்கிறீர்களா? எந்தப் பக்கம் போகலாம், அதற்கு இப்போதே என்ன செய்யலாம்

புதுக் கல்வியாண்டு தொடங்கியதும் என் வாட்ஸ்அப்புக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, நான் கிரிமினாலஜி செகண்ட் இயர், இதை முடிச்சா எஸ்.ஐ. ஆயிடலாம்தானே?" என்று ஒன்று. "ஃபாரன்சிக் லேப்ல வேலை கிடைக்குமா?" என்று இன்னொன்று. கேட்பவர் பெண்ணாக இருந்தால் கூடவே மூன்றாவதும் வரும்: "வீட்ல பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்புன்னு கேக்குறாங்க, என்ன சொல்றதுக்கா?" நானும் இதே படிப்பைப் படித்துவிட்டுக் குழந்தைகள் பாதுகாப்புப் பணிக்கு வந்தவள்தான். தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் பலருக்கு உதவும் என்று தோன்றியது. தமிழ்நாட்டில் குற்றவியல் (கிரிமினாலஜி), காவல் நிர்வாகம், குற்றவியல் நீதி என்று ஏதோ ஒரு பெயரில் இளநிலை படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் கசப்பான விஷயம். எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். அந்த விண்ணப்பத்தில் உங்கள் கிரிமினாலஜியும் பக்கத்து வகுப்பில் வரலாறு படித்தவரின் பட்டமும் ஒரே எடைதான். குற்றவியல் இளநிலை மட்டும் படித்தவர்தான் வேண்டும் என்று கேட்கிற அரசுப் பணி அநேகமாக இல்லை. ஆனால் இதன்மேல் இன்னொரு தகுதியைச் சேர்த்துவிட்டால் நிலைமை அப்படியே மாறுகிறது. சட்டமோ, சமூகப்பணியோ, உளவியலோ, சைபர் தடயவியலோ, புள்ளியியலோ எதுவாகவும் இருக்கட்டும். காவல் நிலையம், நீதிமன்றம், சிறை மூன்றும் எப்படி ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு இயங்குகின்றன என்பதை மூன்று வருடம் படித்துவிட்டு வருகிற ஒரு வக்கீலோ சமூகப் பணியாளரோ மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்கிறார், இதை வேலையில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்த இரண்டாவது தகுதி எது என்பதை நான்காவது செமஸ்டர் முடிவதற்குள் தீர்மானித்துவிடுங்கள். கடைசி வருடம் பிப்ரவரியில் உட்கார்ந்து யோசித்தால் நுழைவுத் தேர்வு விண்ணப்பத் தேதிகள் பாதி போயிருக்கும்.

காக்கிச் சட்டைதான் வேண்டும் என்றால்

சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வுக்குப் பொதுப்பிரிவில் 20 முதல் 30 வயது வரை, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 32, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 35. உயரம் ஆண்களுக்குப் பொதுவாக 170 செ.மீ., பெண்களுக்கு 159. பட்டியல், பழங்குடிப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுத்தால்தான் முதன்மைத் தாளையே திருத்துவார்கள். அப்புறம் உடல்தகுதி: ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். இதையெல்லாம் இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைத்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு மூன்றுக்கும் சிறப்பு மதிப்பெண் உண்டு. ஒன்றிரண்டு மதிப்பெண்தானே என்று நினைக்காதீர்கள், கட்-ஆஃப் விழுகிற இடத்தில் அரை மதிப்பெண்ணில் ஒரு கூட்டமே வெளியே நிற்கும். என்.சி.சி.யில் முதல் வருடமே சேர்ந்தால்தான் 'சி' சான்றிதழ் வரை போகலாம். இரண்டாம் வருடத்தில் ஞாபகம் வந்து பயனில்லை.

மத்தியப் பக்கம் போனால் எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் மத்தியக் காவல் அமைப்புகளுக்கான எஸ்.ஐ. தேர்வு இருக்கிறது, டெல்லி போலீஸும் அதில் வரும். சி.பி.ஐ., என்.ஐ.ஏ. எஸ்.ஐ. பணிகள் எஸ்.எஸ்.சி.யின் பட்டதாரிகள் தேர்வு வழியாக வரும். மத்தியக் காவல் படைகளில் உதவி கமாண்டன்ட் என்ற அதிகாரி பணிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு, அதற்கு வயது 20 முதல் 25 வரைதான், இளநிலை முடித்த கையோடு எழுதாவிட்டால் கை நழுவிவிடும். டி.எஸ்.பி. வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1. எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும்.

ஐ.பி.எஸ். கனவோடு இந்தப் படிப்பில் சேர்ந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிவில் சர்வீஸ் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் குற்றவியல் கிடையாது. சமூகவியல், சட்டம், உளவியல், மானுடவியல் எல்லாம் இருக்கின்றன. உங்கள் பாடத்திட்டத்தோடு அதிகம் உரசுவது சமூகவியல், அதனால் துர்கைம், மெர்ட்டன் போன்ற சமூகவியல் அறிஞர்கள் வருகிற அந்த ஒரு தாளைத் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள், பின்னால் மறுபடியும் தேவைப்படும்.

ஃபாரன்சிக் பற்றி

கிரிமினாலஜி படித்தால் ஃபாரன்சிக் (தடய அறிவியல்) ஆய்வகத்தில் வேலை கிடைக்கும் என்ற குழப்பத்தில் அதிகம் பாதிக்கப்படுவது பிளஸ் டூவில் அறிவியல் எடுக்காமல் இந்தப் படிப்புக்கு வந்த பிள்ளைகள். தடய அறிவியல் துறையின் ஆய்வகத்தில் ரத்தம், விஷம், வெடிமருந்து, டி.என்.ஏ. எல்லாம் பார்ப்பவர்கள் வேதியியலும் உயிரியலும் இயற்பியலும் படித்தவர்கள். சென்னையில் அந்தப் பரம்பரை 1849-ல் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்திலிருந்து வருகிறது, அன்றிலிருந்து இன்றுவரை அது அறிவியல்காரர்களின் இடம். கைரேகைப் பிரிவு எஸ்.ஐ. பணிக்கும் அறிவியல் பட்டம் கேட்டுத்தான் அறிவிக்கை வந்திருக்கிறது. கிரிமினாலஜியில் தடய அறிவியல் என்று ஒரு தாள் படித்திருப்பது ஆய்வக வேலைக்குத் தகுதி ஆகாது. பாடத்தை விளம்பரப்படுத்தும்போது யாராவது வேறு மாதிரி சொல்லியிருந்தால் அது தவறான தகவல்.

அதற்காகக் கதவு மொத்தமாக அடைபட்டுவிட்டது என்றும் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கே வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்து ஆண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். ஆகவே இந்தத் துறையில் ஆள் தேவை கூடும். பி.எஸ்சி.யில் அறிவியல் அடித்தளம் உள்ளவர்கள் காந்திநகரை மையமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்புகளைப் பாருங்கள், ஒவ்வொரு படிப்புக்கும் எந்த இளநிலை செல்லும் என்று பல்கலைக்கழகமே பட்டியல் போடுகிறது. 1972-ல் டெல்லியில் தொடங்கிய தேசியக் குற்றவியல் மற்றும் தடய அறிவியல் நிறுவனமும் இப்போது அதன் வளாகம்தான், அங்கே குற்றவியல் முதுகலையும் உண்டு. கணினி ஆர்வம் இருந்தால் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையே சைபர் தடயவியலில் எம்.எஸ்சி. நடத்துகிறது. சேரும் முன் லினக்ஸ், நெட்வொர்க்கிங் அடிப்படை இரண்டையும் நீங்களே கற்றுக்கொண்டு போனால் முதல் செமஸ்டரில் மூச்சுத் திணறாது.

யாரும் உங்களிடம் சொல்லாத பக்கம்: சிறை, நன்னடத்தை, குழந்தைகள்

குற்றவியல் படித்தவர்கள் உண்மையாகவே வேறுபட்டுத் தெரிகிற இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 சிறைப் புள்ளிவிவரத்தின்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர், அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். தண்டனையே இன்னும் முடிவாகாதவர்கள். இவர்களுக்கு ஜாமீன் கிடைத்தும் உத்தரவாதம் கொடுக்க ஆளில்லாமல் உள்ளே இருப்பதையும், வெளியே வந்தவருக்கு ஊரில் யாரும் வேலை கொடுக்காமல் போவதையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டியவர்கள் நன்னடத்தை அலுவலர்களும் (ப்ரொபேஷன் ஆபீசர்) சிறை நலப் பணியாளர்களும் இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆட்களும்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 அறிவிக்கைகளில் சிறைத் துறைக்கும் சமூகப் பாதுகாப்புத் துறைக்கும் நன்னடத்தை அலுவலர் பணியிடங்கள் வந்திருக்கின்றன. உதவி சிறை அலுவலர் பணிக்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. குரூப் 2 என்றாலே சார்பதிவாளர் என்று மட்டும் நினைத்து எழுதுகிறவர்கள்தான் அதிகம், பணியிடத்தைத் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வில் இந்தப் பதவியின் அருமை தெரிந்தவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

அடுத்தது குழந்தைகள் பக்கம். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் மாவட்டம்தோறும் குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம், குழந்தைகள் நலக் குழு, குழந்தைகள் பாதுகாப்பு அலகு எல்லாம் இருக்கின்றன. அலகில் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்), சமூகப் பணியாளர், பாதுகாப்பு அலுவலர், சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் என்று பணிகள். ஒப்பந்த வேலை, குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் வத்சல்யா திட்டத்தில் ஆற்றுப்படுத்துநருக்கும் சமூகப் பணியாளருக்கும் மாதம் 18,536 ரூபாய், பாதுகாப்பு அலுவலருக்கும் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலருக்கும் 27,804 ரூபாய். எஸ்.ஐ. சம்பளம் 36,900-ல் தொடங்குகிறது என்பதோடு ஒப்பிட்டால் இது குறைவுதான், வேலையின் பாரத்துக்கு மிகக் குறைவு, அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் முதுநிலைக்கு முன்போ பின்போ இரண்டு வருடம் இங்கே வேலை பார்த்தவருக்குப் பின்னால் கிடைக்கிற கதவுகள் பல. விளம்பரம் பெரும்பாலும் மாவட்ட இணையதளத்தில்தான் வரும், விண்ணப்பிக்கப் பத்துப் பதினைந்து நாள்தான் தருவார்கள். உங்கள் மாவட்டத்தோடு பக்கத்து மூன்று மாவட்டங்களின் ஆட்சேர்ப்புப் பக்கத்தையும் திங்கட்கிழமைதோறும் ஒருமுறை திறந்து பார்க்கிற பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிக்கல் இங்கே உண்டு. தகுதி வரியில் "சமூகப்பணி, சமூகவியல், உளவியல்" என்று எழுதியிருக்கும், குற்றவியல் என்ற சொல் இருக்காது. "சமூக அறிவியல்" என்று பொதுவாகப் போட்டிருந்தால் உங்களுக்கும் இடம் உண்டு, ஆனால் விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. எனக்கே ஒரு மாவட்டத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு மேசை வரை போன பிறகு "இது சம்பந்தப்பட்ட பாடம் இல்லையேம்மா" என்று திருப்பி அனுப்பிய அனுபவம் உண்டு. அடுத்த முறை போகும்போது பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் நகல், சமூகவியல், உளவியல், ஆற்றுப்படுத்தல் தாள்களின் பெயரில் கோடு போட்டு, துறைத்தலைவர் கையெழுத்தோடு எடுத்துப் போனேன். ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் மூன்றாம் ஆண்டு முடிக்கும்போதே இந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் பட்டத்தின் முழுப்பெயருக்கு இணைத்தகுதி அரசாணை (அது இன்ன பட்டத்துக்குச் சமம் என்கிற அரசு உத்தரவு) இருக்கிறதா என்றும் கல்லூரியில் கேளுங்கள். பட்டச் சான்றிதழில் ஒரு சொல் மாறியிருந்தாலும் தேர்வாணையத்தில் கேள்வி வரும்.

இந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன், குழந்தையின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது, அதனால் ஊர், பெயர் எதுவும் சொல்ல மாட்டேன். பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு போன வழக்கு. பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி, நன்னடத்தை அலுவலரோடு அதில் ஒரு பையனின் வீட்டுக்குப் போய்விட்டு வந்து சமூக விசாரணை அறிக்கைக்குக் குறிப்பு எழுதினாள். மாதிரி விதிகளில் அது படிவம் 6, முதல்முறை குழுமத்தின் முன் நிறுத்தியதிலிருந்து பதினைந்து நாளுக்குள் வேண்டும். அவள் எழுதியது: "குடும்பச் சூழல் சரியில்லை." அலுவலர் அந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார், "என்னம்மா சரியில்லை? வீட்ல எத்தனை பேரு, ராத்திரி யாரு எங்க படுக்கிறாங்க?" அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் திரும்பிப் போனாள். ஒரே அறை, ஐந்து பேர், அம்மா இரவு ஷிப்ட், மூத்தவன் என்பதால் இவன் மொட்டை மாடியில் படுப்பான், மழை பெய்தால் தெருமுனை டீக்கடை பெஞ்சில். அங்கேதான் அந்தக் கூட்டாளி அறிமுகமாகியிருக்கிறான். இரண்டு தெரு தள்ளி இருக்கிற சித்தி வீட்டில் ஒரு கட்டில் காலியாக இருப்பதும் அந்த இரண்டாவது முறை போனபோதுதான் தெரிந்தது. குழுமம் பையனைச் சித்தியின் பொறுப்பில் அனுப்பியது. "சூழல் சரியில்லை" என்ற ஒரு வரியோடு விட்டிருந்தால் வழக்கு முடியும்வரை சிறுவர்களை வைக்கிற கூர்நோக்கு இல்லத்தில் அவன் இன்னும் பல நாள் இருந்திருப்பான். வகுப்பில் நீங்கள் படிக்கிற கூட்டாளிச் சேர்க்கைக் கோட்பாடு இந்த டீக்கடை பெஞ்சைப் பற்றியதுதான், அதைப் பார்த்து எழுதத் தெரிந்தவர்கள் இந்த வேலைக்கு வேண்டும். வீட்டில் "எதுக்கு இந்தப் படிப்பு" என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள், நான் என் அம்மாவிடம் இது மாதிரி ஒன்றைச் சொல்லித்தான் பேச்சை முடித்தேன்.

பாதிக்கப்பட்டவர்கள் பக்கமும் இருக்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 உதவி எண்கள், போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) வழக்குகளில் குழந்தைக்குத் துணையாக நீதிமன்றம் வரை போகிற ஆதரவு நபர் பணி எல்லாம் வளர்ந்து வருகின்றன. சென்னையில் குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களோடு 2001 முதல் வேலை செய்கிற பி.சி.வி.சி. அமைப்பும், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைத் தடுப்பில் வேலை செய்கிற துளிர் அமைப்பும் கற்றுக்கொள்ள நல்ல இடங்கள். இந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுநிலை) அல்லது உளவியல் முதுநிலை சேர்ந்துகொள்வது நல்லது.

சட்டம்

என்னைக் கேட்டால், குற்றவியலின்மேல் சேர்க்கிற தகுதிகளில் பலன் அதிகம் தருவது மூன்றாண்டு எல்.எல்.பி.தான். பொதுப்பிரிவுக்கு இளநிலையில் 45 சதவீதம் வேண்டும், ஆனால் அரசுச் சட்டக் கல்லூரி இடம் இளநிலை மதிப்பெண் தரவரிசையில் கிடைப்பதால் உங்கள் ஒவ்வொரு செமஸ்டர் மதிப்பெண்ணும் கணக்கில் வரும். அப்புறம் குற்றவியல் வக்கீல், சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர், கொஞ்ச வருடம் வாதாடிய பிறகு அரசு உதவி வழக்கறிஞர் என்று வழி போகும். சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மறுபடி கட்டாயமாக்கியிருக்கிறது, அதையும் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள்.

எந்தப் பக்கம் போனாலும் புதுச் சட்டங்களில் படியுங்கள். சீனியரிடம் வாங்கிய பழைய நோட்டில் 302, 420 என்றுதான் இருக்கும், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது கொலைக்கு 103, ஏமாற்றுதலுக்கு 318. பழைய சட்டத்தில் 511 பிரிவு, புதியதில் 358. ஆனால் 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய பிரிவுகளில்தான் வழக்கு நடக்கும், ஆகவே நீதிமன்ற வராந்தாவில் இரண்டும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு நோட்டை இரண்டாகக் கோடு போட்டு அடிக்கடி வருகிற ஐம்பது பிரிவுகளுக்குப் பழைய எண், புது எண் எழுதி மனப்பாடம் செய்துவிடுங்கள். ஒரு வாரம்கூட ஆகாது.

மேலே படிக்க

சென்னைப் பல்கலைக்கழகம், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இரண்டிலும் குற்றவியல் துறைகள் உள்ளன. பாதிக்கப்பட்டோரியல் (குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய படிப்பு), சைபர் குற்றவியல் இரண்டிலும் தமிழ்நாட்டுப் பேராசிரியர்கள் உலக அளவில் பேசப்பட்டவர்கள், அந்த மரபு இங்கே பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் குற்றவியல் மற்றும் நீதி என்று சமூகப்பணி முதுகலையிலேயே தனிப்பிரிவு உண்டு. சிறைக்குள் வேலை செய்யும் பிரயாஸ் திட்டமும் அவர்களுடையதுதான். களப்பணியை அவ்வளவு கறாராகச் சொல்லித்தரும் இடம் குறைவு. நுழைவு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தேர்வு வழியே.

பேராசிரியர் வேலை வேண்டுமென்றால் யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். டெல்லியில் உள்ள காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகம் குற்றவியல், காவல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகை தருகிறது. நான்காண்டு இளநிலையில் 75 சதவீதம் எடுத்தவர்கள் முதுநிலை இல்லாமலே நெட் எழுதலாம் என்று 2024-ல் விதி வந்தது, நம் ஊரில் பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்பு என்பதால் பலருக்கு இது பொருந்தாது.

வெளிநாடு என்றால் இங்கிலாந்து ஒருவருட முதுநிலைக்கு மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் பதினாறு வருடக் கல்வி கேட்கும், விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். இங்கிலாந்து அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். கடன் வாங்கி நேராகப் போவதை விட இங்கே இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு உதவித்தொகையோடு போவதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

தனியார் பக்கமும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை, கோவையில் வங்கிகளுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் வேலை செய்யும் அலுவலகங்களில் மோசடிக் கண்காணிப்பு, கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாளம்) சரிபார்ப்பு, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுப்பது, வேலைக்குச் சேர்கிறவர்களின் பின்னணி சரிபார்ப்பு என்று இடங்கள் இருக்கின்றன. பல இடங்களில் இரவு ஷிப்ட். எக்செல் நன்றாகத் தெரிந்து, ஆங்கிலத்தில் பிழையில்லாமல் ஒரு பக்க அறிக்கை எழுத வந்தால் போதும். அரசுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டே வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இது கை கொடுக்கும், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

கல்லூரியில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

முதல் வேலை, எஃப்.ஐ.ஆர். படியுங்கள். பதிவான 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. பாலியல் வழக்கு மாதிரி உணர்வுப்பூர்வமானவை வராது, மற்றவை தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் கிடைக்கும். வாரம் இரண்டு எடுத்து வாசியுங்கள். சம்பவம் நடந்த நேரம், நிலையத்துக்குத் தகவல் வந்த நேரம் இரண்டையும் முதலில் பாருங்கள், இடைவெளி அதிகமாக இருந்தால் தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்துக்குப் போங்கள். அங்கே எழுதியிருப்பது நம்பும்படி இருக்கிறதா? எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்தால் எதைப் பிடிப்பீர்கள்? என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள், கதைக்கும் பிரிவுக்கும் பொருந்துகிறதா? ஆறு மாதம் இதைச் செய்த மாணவனுக்கு எஸ்.ஐ. நேர்முகத்திலும் சட்டக் கல்லூரியிலும் வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது, குற்ற ஆவணக் காப்பகத்தின் 'இந்தியாவில் குற்றம்' ஆண்டறிக்கையிலிருந்து ஒரே ஒரு அட்டவணையை எடுத்து உங்கள் மாநிலத்துக்குப் பத்து வருடக் கணக்கு போடுங்கள். ஆனால் அது பதிவான வழக்குகளின் கணக்கு. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தாலும் பெரிய குற்றம் ஒன்றுதான் எண்ணப்படும். எண்ணிக்கை கூடினால் குற்றம் கூடியது என்றும் இருக்கலாம், பெண்கள் பயப்படாமல் வந்து புகார் கொடுக்க ஆரம்பித்தார்கள் என்றும் இருக்கலாம். இந்த இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று யோசித்து நான்கு பக்கம் எழுதினால் அதுவே உங்கள் முதல் ஆய்வுக் கட்டுரை. சென்னைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 1970 முதல் இயங்குகிற இந்தியக் குற்றவியல் கழகத்தின் மாநாடு போன்ற இடங்களில் மாணவர்களும் கட்டுரை வாசிக்கலாம். பரிசு கிடைக்காவிட்டாலும், முதுநிலை நேர்முகத்தில் பேச உங்களுடையது என்று ஒன்று இருக்கும்.

மூன்றாவது, இன்டர்ன்ஷிப். தேசிய மனித உரிமைகள் ஆணையம் இரண்டு வார இணையவழிப் பயிற்சியும் கோடை, குளிர்காலப் பயிற்சிகளும் நடத்துகிறது. சிறைக்குள் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் தனியாகப் போய்க் கேட்டுப் பயனில்லை, கல்லூரி முகப்புத் தாளில் சிறைத் துறைத் தலைமையகத்துக்கு, எத்தனை மாணவர்கள், எந்தத் தேதி, என்ன நோக்கம், பொறுப்பு ஆசிரியர் யார் என்று எழுதி இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே அனுப்ப வேண்டும். வேலூரில் தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நிறுவனம் 1979 முதல் இருக்கிறது, வேலூர்ப் பக்கம் படிப்பவர்கள் அங்கே ஒருநாள் வருகைக்குக் கடிதம் போட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் விட எளிதானது, உங்கள் ஊரிலேயே இருப்பது, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் பணி. நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே அலுவலகம் இருக்கும், வாசலில் இருக்கும் காவலரிடம் "லீகல் எய்டு ஆபீஸ்" என்றால் காட்டிவிடுவார். காலையில் கோர்ட் கூடும் நேரத்தில் போகாதீர்கள், எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள். ஆதார் நகல், கல்லூரி அடையாள அட்டை, துறைத்தலைவரின் ஒரு பக்கக் கடிதம், இரண்டு புகைப்படம் கையில் இருக்கட்டும். தன்னார்வலர் தேர்வு எப்போது, பயிற்சி எப்போது என்று கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் அந்த நகலை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள்.